தென்துருவச் சேற்றில் ஒரு சாண் கிரீஸ்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கண்ணால் பார்த்தது போதாது. ஒரு கருவி வந்து சொன்னால்தான் நம்புவார்கள். அப்படிப்பட்டவர்களோடு தென்துருவக் கடலில் மாட்டிக்கொண்டார், கப்பலில் வடம் சுருட்டும் விஞ்ச் எந்திரத்தை இயக்கும் தூத்துக்குடித் தொம்மை!

கடலடிச் சேற்றை எடுக்க இரும்புக் குழாயை இரண்டு முறை இறக்கியாயிற்று. ஒருமுறை வெறுங்குழாய் வந்தது. மறுமுறை வளைந்து வந்தது. பனிப்பாறைகளோ நெருங்கிக்கொண்டிருந்தன. மூன்றாவது முறைக்குக் கேப்டன் இரண்டு மணி நேரம்தான் கொடுத்தார். இதுவும் தவறினால் ஆய்வாளர் தமயந்தியின் நான்கு வருட உழைப்பு பாழ்!

"அப்படி என்னம்மா இருக்கு இந்தச் சேத்துல?" என்று கேட்டார் தொம்மை.

"கொழுப்பு, அண்ணாச்சி. கண்ணுக்குத் தெரியாத உயிர்களோட கொழுப்பு. தண்ணி குளிர்ந்தா ஒரு மாதிரி, சூடானா வேற மாதிரி இருக்கும். நாலு கோடி வருஷத்துக்கு முந்தி இந்தக் கடல் எப்படி இருந்துச்சுன்னு அதுல தெரியும்."

"கருவாடே ஆறு மாசத்துல கெட்டுப்போவுது!"

குழாய் இறங்கியது. சேற்றில் குத்தி நின்றது. இழுத்தால் வரவில்லை! கம்பிவடம் கிறீச்சிட்டது. வடத்தை வெட்டச் சொல்லி ஒலிபெருக்கியில் கேப்டன் கத்தினார்.

"வெட்டவா? பொறும்வே!" என்று முனகினார் தொம்மை. கப்பல் தாழும்போது வடத்தைச் சுருட்டினார். அலை தூக்கும்போது பிரேக்கை இறுக்கினார். ஏழாவது அலையில் கப்பலே குழாயைப் பிடுங்கிவிட்டது!

எல்லோரும் கைதட்டினார்கள். தமயந்தி மட்டும் குழாயின் வாயையே பார்த்தாள். மஞ்சளாக ஏதோ மினுங்கியது.

"யாரு கிரீஸ் தடவினது? ஸ்பிரிட் போட்டு மூணு தடவை கழுவினேனே! யாரையும் தலைக்கு எண்ணெய்கூட வைக்க விடலியே!"

எல்லோரும் தத்தம் கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

"நாந்தான்" என்றார் தொம்மை எரிச்சலோடு. "நாப்பது வருசமா தடவுதேன். கிரீஸ் இல்லாம இரும்பைக் கடல்ல எறக்குதவன் மடையன்."

"அதுவும் கொழுப்பு மாதிரிதான், அண்ணாச்சி! நான் தேடுறதோட கலந்துட்டா?"

"வாய்ப்பக்கம் ஒரு சாண். அதுக்கு மேல தொடல."

தமயந்தி கண்ணைத் துடைத்தாள். "கிரீஸ் டப்பாவைக் கொண்டாங்க" என்றாள். அந்த கிரீஸில் துளி எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் அடைத்தாள். "இது எப்படியிருக்கும்னு தெரிஞ்சா, எங்க கலந்திருந்தாலும் ஆய்வகத்துல கண்டுபிடிச்சுடலாம். நீங்க மறைச்சிருந்தா, இதையே பழைய கொழுப்புன்னு நம்பியிருப்பேன்." வாய்ப்பக்கத்துச் சேற்றை ஒரு சாணுக்கு வெட்டித் தள்ளினாள். மீதி உறைபெட்டிக்குள் போனது. பனி வழியை மூடுமுன் கப்பல் தப்பியது!

ஐந்து மாதம் கழித்துத் தமயந்தி அவரை ஆய்வகத்துக்கு வரவழைத்தாள்.

"சேறு சுத்தமா இருக்கு, அண்ணாச்சி! உங்க கிரீஸ் ஏறவே இல்ல. அந்தக் காலத்துல அங்க பனியே கிடையாது. இறங்கிக் குளிச்சிருக்கலாம்!"

அவள் நீட்டிய தாளில், பழைய கடலின் சூட்டைக் காட்டிக் கருவி வரைந்த ஒரு கோடு வளைந்து வளைந்து போயிற்று. தொம்மை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குளிச்சவன் எவனையாவது கூட்டிட்டு வா, கேட்டுக்கிடுதேன்" என்றார்.

தமயந்தி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.