பெயரில்லாத பெட்டி

திரையில் ஒரு வைஃபை பெட்டி கூடுதலாகத் தெரிந்தது.

கல்யாணசுந்தரி மறுபடியும் பார்த்தாள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மாடி என்று அவளும் புருஷன் மருதுவும் மாட்டிய பெட்டிகளெல்லாம் பச்சையாக எரிந்தன. அவற்றுக்குக் கீழே பெயரில்லாமல் இன்னொன்று, உள்ளே சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக் காத்திருந்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து ஆட்டிவைக்கும் கன்ட்ரோலர் முகப்பில் அவள் மேசைமேல்தான் இருந்தது. அவள் அனுமதிக்காமல் எந்தப் பெட்டியும் சேர முடியாது. கைவசமிருந்த உபரிப் பெட்டியை இந்த மனுஷன் எங்கேயோ மாட்டியிருக்கிறார், வாயைத் திறந்து சொன்னால் என்னவாம் என்று முணுமுணுத்தபடி அனுமதித்துவிட்டாள்.

மழை கட்டிக்கொண்டு நின்ற சாயங்காலம். ஓட்டலாக மாறப்போகிற அந்தக் கீழச்சிவல்பட்டி வீட்டில், புதுப் பெயின்ட் வாடைக்கு அடியிலிருந்து வௌவால் எச்சத்தின் நெடியும் வெகுநாள் பூட்டிக் கிடந்த அறைகளின் புழுக்கமும் கிளம்பி வர, உள்ளே எங்கோ தகரத்தில் நேற்றைய மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பேச்சு அறுந்துபோகாமல் சிக்னல் பெட்டிக்குப் பெட்டி மாறுகிறதா என்று பார்க்க, மருது அவளோடு செல்போனில் பேசியபடி வீட்டுக்குள் நடந்தான். அவன் போகும் இடம் திரையில் மாறிக்கொண்டே வந்தது. வளவு. இரண்டாங்கட்டு.

“ஏய் சுந்தரி, கேக்குதா?”

“நல்லாக் கேக்குது. வெரசா வாங்க, மழைக்கு முன்ன செக்காலை வீட்டுக்குப் போயிரணும்.”

அவன் போன் பெயரில்லாத பெட்டிக்கு மாறியது. முழு சிக்னல்.

“ஏங்க, உபரிப் பெட்டிய எங்க மாட்டுனீக?”

“நான் எங்க மாட்டுனேன்? பைக்குள்ளதான கெடக்கு.”

பைக்குள் கைவிட்டாள். உறைகூடப் பிரிக்காமல் பெட்டி கிடந்தது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சோணைமுத்து காபி கொண்டுவந்தார். இரண்டாங்கட்டைத் தாண்டி என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

“படைப்பு ரூமுத்தா. இந்த வீட்ல செத்துத் தெய்வமான ஆச்சிக்கு வருசம் ஒருக்காச் சேலை வச்சுப் படைப்பாக. கூப்புடுறதும் அனுப்பி வைக்கிறதும் பங்காளிக அம்புட்டுப் பேரும் கூடித்தான். ஒத்த ஆளு கூப்புட்டா வந்துருவாக, போகமாட்டாக. அதான் ஆளுக்கொரு பூட்டு. சாவியெல்லாம் சிங்கப்பூரு, சென்னைன்னு கெடக்கு.”

ஐயோ, அனுமதித்தது நான்தானே. பெட்டியை நீக்கினாள். போகவில்லை. திரும்ப நீக்கினாள். பச்சையாகவே எரிந்தது.

“சுந்தரி...” மருதுவின் குரல் தாழ்ந்திருந்தது. “இங்குட்டு ஒரு ஆச்சி நிக்கிறாக. மடிப்புக் கலையாத சேலை. வாங்கங்கிறாக.”

“உள்ள போகாதீக! ஏங்க, திரும்பி வந்துருங்க!”

“வாசல்ல நின்னு கூப்புடுறாகடி. எப்புடிப் போகாம இருக்க...”

பேச்சு நின்றது. சோணைமுத்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நின்றுகொண்டார்.

அவள் ஓடினாள். வளவு. இரண்டாங்கட்டு. இருட்டு. கடைசிக் கதவு.

வரிசையாகப் பூட்டுகள். எல்லாம் துருப்பிடித்தவை. மேலே ஒட்டடை, ஒரு இழை அறுபடவில்லை. கதவுக்கு அடியில் பச்சை வெளிச்சம்.

நிலைப்படிக்கு வெளியே மருதுவின் செருப்பு. ஜோடியாக, ஒழுங்காகக் கழற்றி வைத்தது.

“ஏங்க!” கதவைப் படபடவென்று தட்டினாள். “நான் சுந்தரி வந்திருக்கேன்!”

கையிலிருந்த அவள் போனில் சிக்னல் முழுசாக ஏறியது.

உள்ளிருந்து மருது பேசினான். ஏய் என்று கூப்பிடவில்லை. சுந்தரி என்று கூப்பிடவில்லை. புதிதாக வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோலச் சொன்னான். கூடவே ஒரு பெண் குரலும் சொன்னது.

“வாங்க.”

வேண்டாம், வேண்டாம் என்று அவள் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. அவள் கால், அவன் செருப்புக்குப் பக்கத்தில், தன் செருப்பைக் கழற்றியது.