ஏழாம் வீரனின் இடது கை

"இதை வரைஞ்ச ஆளு மட்டும் என் கையில கிடைக்கட்டும்... நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேப்பேன்!"

மழைக்குப் புத்தகக் கடையில் ஒதுங்கியிருந்தவன் திடுக்கிட்டான். பக்கத்தில் நின்ற பெண்ணின் கையில் விரிந்திருந்தது அவன் வரைந்த புத்தகம்.

ஒரு வீடியோ கேமை வைத்து மாதம்தோறும் வெளிவரும் படக்கதை அது. தொலைதூரக் கிரகத்தில் போரிடும் ஒன்பது அதிரடி வீரர்கள். எல்லோருக்கும் தலைக்கவசம். யாருக்கும் முகம் கிடையாது, எண் மட்டும்தான்.

"அப்படி என்னங்க தப்பு?"

"ஏழாம் வீரனுக்கு எந்தக் கை செயற்கைக் கை?"

"இடது கை."

"இதுல பாருங்க!"

பார்த்தான். பதினான்காம் பக்கம் முழுக்க, உலோகக் கை வலப்புறம் இருந்தது. படத்தில் கோணல் இருக்கிறதா என்று பார்க்க, கணினியில் அதை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பது ஓவியர்களின் பழக்கம். திருப்பியவன் பழையபடி மாற்றாமலேயே அச்சுக்கு அனுப்பியிருக்கிறான்.

"அதாவது போகட்டும். இந்தத் தோள்வாரைப் பாருங்க. இப்படிக் கட்டினா ரெண்டே நாள்ல அக்குள் புண்ணாயிடும். அப்புறம் எங்க போய்க் கிரகத்தைக் காப்பாத்துறது?"

"நீங்க... டாக்டரா?"

"செயற்கைக் கை, கால் செய்யிற பட்டறையில வேலை. எங்க அண்ணனுக்கு இடது கை மெஷின்ல போயிடுச்சு. ஏழாம் வீரன்னா அவனுக்கு உயிர். நேத்து இதைப் பாத்துட்டு, 'யார்டி என் கையை மாத்தினது'ன்னு வீட்டையே ரெண்டாக்கிட்டான்."

அவள் சிரித்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. எதிரே மழை வழிந்த ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. பெரிய கண்கள்... கண்ணுக்குக் கீழே கடுகளவு மச்சம். அதுவும் சேர்ந்து சிரித்தது.

நான்தான் வரைந்தேன் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. கௌரவம் அதைப் பிடித்து உள்ளே தள்ளியது.

"வரைஞ்சவன் யாரோ அரைகுறையா இருப்பான்" என்றான்.

"ரொம்பச் சரியாச் சொன்னீங்க!"

சனிக்கிழமைதோறும் அண்ணனுக்குப் புத்தகம் வாங்க அவள் வருவாள் என்று தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை, மழை இல்லாமலே ஒதுங்கினான். ஜன்னலோர பெஞ்சில் இருவரும் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

"சரி, அந்த வாரை எப்படித்தான் கட்டணும்?"

"பையைக் கொடுங்க." அவன் தோள்பையின் வாரையே உருவி, முதுகுக்குக் குறுக்கே விட்டு, எதிர்த் தோளைச் சுற்றிக் கொண்டுவந்தாள். நுனியை இரண்டாக மடித்துச் செருகினாள். "இது என் சொந்த மடிப்பு. இப்ப தோளை முன்னால தள்ளுங்க. வார் இழுக்கும், செயற்கை விரல் திறக்கும். புரியுதா?"

புரியவில்லை. அவள் விரல் பட்ட இடம் மட்டும் புரிந்தது.

மனைவி இறந்து நான்கு வருடம். அதற்குப் பிறகு அவனுக்கு முகம் வரையவே வரவில்லை. எந்த முகத்தைத் தொடங்கினாலும் பாதியில் மனைவியின் முகமாக மாறியது... அல்லது நின்றுபோனது. முகமே இல்லாத வீரர்கள் என்றதும், சம்பளம்கூடக் கேட்காமல் ஒப்புக்கொண்டான்.

மூன்று சனிக்கிழமைகள் பேசினார்கள். அடுத்த சனிக்கிழமை புதிய இதழோடு வந்தவள் உட்காரவில்லை.

"இந்த மடிப்பை நான் ஒரே ஒருத்தருக்குத்தான் காட்டினேன்."

ஏழாம் வீரனின் தோளில் வார் சரியாக ஓடியது. நுனி இரண்டாக மடிந்திருந்தது.

அவன் பார்வை ஜன்னல் கண்ணாடிக்கே போனது.

"அரைகுறைன்னு நீங்களே சொல்லி, என்னையும் ஆமாம் போட வச்சு... உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பீங்க, இல்ல?"

"அப்படி இல்லீங்க..."

"வேலை கத்துக்க வந்தேன்னு நேரா சொல்லியிருக்கலாமே. அதுக்கு ஒரு சனிக்கிழமை போதும். மூணு எதுக்கு?"

கதவு மணி ஆடி அடங்கியது.

இரண்டு சனிக்கிழமைகள் பெஞ்சின் மறுபாதி காலியாகவே இருந்தது. இனி ஒரு வாரம் தாங்காது என்று தோன்றியது. ஒரு ஓவியத்தைச் சுருட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு அவள் பட்டறையைத் தேடிப் போனான். நல்ல மழை. வாசலை ஒட்டிய அலமாரியில் கைகள் வரிசையாக நின்றன. பிசின் வாசனை. உள்ளே பெஞ்சில் அவள் அண்ணன், கழற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு படக்கதை படித்துக்கொண்டிருந்தான்.

அவள் ரம்பத்தை நிறுத்தினாள். "எந்தக் கை வேணும் ஓவியருக்கு? வலதா, இடதா? உங்களுக்குத்தான் ரெண்டும் ஒண்ணாச்சே!"

அவன் சுருளை நீட்டினான். "கம்பெனி இதைத் திருப்பி அனுப்பிடுச்சு. வீரர்கள் தலைக்கவசத்தைக் கழட்டக் கூடாதாம்."

விரித்தாள். எரியும் கிரகத்தின் நடுவே, எட்டாம் வீரர் ஒரு பெண்; கவசத்தைக் கழற்றி இடுப்பில் இடுக்கியிருந்தாள். காற்றில் கூந்தல். பெரிய கண்கள்...

"என் மனைவி போனதுக்கப்புறம் எனக்கு ஒரு முகமும் வரலீங்க. நாலு வருஷம். இதுதான் வந்துச்சு."

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"என் மச்சம் வலது கண்ணுக்குக் கீழ. இதுல இடது கண்ணுக்குக் கீழ இருக்கு." குரலில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. "மறுபடியும் திருப்பிப் போட்டுட்டு மறந்துட்டீங்களா?"

"இதைத் திருப்பவே இல்ல."

"பின்னே?"

அவன் தரையைப் பார்த்தான். "உங்களை நேராப் பாக்க ஒருநாளும் தைரியம் வரல. கடை ஜன்னல் கண்ணாடியிலதான் பாத்தேன். எல்லாச் சனிக்கிழமையும்."

அண்ணன்தான் பேசினான், புத்தகத்திலிருந்து தலை தூக்காமல். "சாரல் அடிக்குது பாரு. அந்த ஆளை உள்ள விட்டுட்டுக் கதவைச் சாத்துடி. எனக்கும் அவர்கிட்ட ஒரு கை பத்திப் பேசணும்!"

அவள் கதவைச் சாத்தினாள். அவன் முன்னால் வந்து நின்றாள்.

"இப்பப் பாருங்க."

நிமிர்ந்தான். நடுவில் கண்ணாடி இல்லை, மழை இல்லை.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்குங்க" என்றான்.

"தெரியும்" என்றாள் அவள். கண் கலங்கி, ஒரு துளி மெல்ல இறங்கி, மச்சத்தின் மேல் நின்றது...

வலது பக்கத்து மச்சம்.