கேட்டு வாங்கிய மூன்றரை அடி

மனித குலத்தின் முன்னேற்றத்தில் அக்கறையுள்ள அனைவருக்கும் இதனால் தெரிவித்துக்கொள்வது யாதெனில்: என் தங்கையின் கணவர் வீட்டு வரைபடம் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்.

மூன்று நாள் படிப்பு. கைப்பேசியில் பதினோரு வீடியோக்கள். நான்காம் நாள் பேச்சே மாறிவிட்டது. பாத்ரூமுக்குப் போகும்போதுகூட, "வடக்குச் சுவர் பக்கம் போயிட்டு வந்துடறேன் மச்சான்" என்றார்.

ஒரு சனிக்கிழமை காலை கட்டடக் கம்பெனியின் அலுவலகத்துக்குப் போனோம். தங்கை, மாப்பிள்ளை, அவர்களின் எட்டு வயதுக் குட்டி, துணைக்கு நான். வாங்கப்போகும் வீடு நான்காவது மாடியில். மாடிதான் இன்னும் வரவில்லை. பெரிய பள்ளம் ஒன்று இருந்தது, அதற்குள் ஒரு நாய் படுத்திருந்தது.

விற்பனைப் பெண் கண்ணாடி வழியாக வெறும் வானத்தைக் காட்டினார். "அதோ ஒரு காக்கா போகுது பாருங்க சார், அது இப்ப உங்க ஹாலைத் தாண்டி கிச்சனுக்குள்ள போகுது."

மாப்பிள்ளை காக்கையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

வீடு வாங்குவதே குட்டிக்காகத்தான். எட்டு வயதிலும் அப்பா அம்மாவுக்கு நடுவில்தான் படுக்கிறாள். விளக்கை அணைத்தால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்குவாள். தனக்கென்று ஓர் அறை வந்துவிட்டால் பயம் போய்விடும் என்பது மாப்பிள்ளையின் சித்தாந்தம். தங்கை சொன்னது ஒன்றுதான்: "அந்த ரூம்ல அவ பயப்படாம தனியா படுக்கணும். இல்லேன்னா எனக்கு இந்த வீடே வேண்டாம்."

என் தங்கை வீடியோ பார்க்கிற ரகம் இல்லை. வாடகை வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தைத் தரையில் விரித்தாள். அட்டையில் கட்டில், பீரோ, மேசையெல்லாம் வரைபடத்தின் அளவுக்கே குட்டிகுட்டியாக வெட்டி, அறை அறையாக வைத்துப் பார்த்தாள். பிறகு ஸ்கேலும் பென்சிலும் எடுத்தாள். ஒவ்வொரு சுவராக அளந்து கூட்டினாள்.

"என்னங்க, வெளிச்சுவர்லேர்ந்து வெளிச்சுவர் வரைக்கும் முப்பத்திரண்டு அடி. உள்ள ரூமெல்லாம் கூட்டினா, சுவர் கனத்தையும் சேர்த்து, இருபத்தெட்டரைதான் வருது. மூணரை அடி எங்க?"

அங்கே இருந்தது. குட்டியின் அறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரு ஒல்லியான வெள்ளைக் கட்டம். பெயர் எழுதவில்லை. ஜன்னல் இல்லை. ஹாலிலிருந்து போக வழியும் இல்லை.

ஒரே ஒரு கதவு.

வரைபடத்தில் கதவு என்பது ஒரு கோடும் அதையொட்டி ஒரு கால்வட்டமும். கால்வட்டம் எந்தப் பக்கம் விழுகிறதோ, கதவு அந்தப் பக்கம் திறக்கும். இந்தக் கால்வட்டம் குட்டியின் அறைக்குள் விழுந்திருந்தது, அவள் கட்டில் வைக்க வேண்டிய இடத்தில்.

"பைப் போற வழிம்மா" என்றார் மாப்பிள்ளை.

"பைப்புக்கு எதுக்குங்க கதவு?"

"ரிப்பேர் பார்க்க."

"ரிப்பேர்காரர் உள்ளேயே குடியிருப்பாரா மாப்பிள்ளை?" என்றேன். நான் மட்டும்தான் சிரித்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் வரைபடம் போட்டவரையே போய்ப் பார்த்தோம். பள்ளத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். தாளைப் பார்த்தார். கையால் தொடவில்லை.

"கதவு நான் போட்டது இல்ல சார்."

"அந்த இடம்?"

"அதையும் அழிச்சுப் பார்த்துட்டேன். இந்தச் சுவரைத் தள்ளினா அந்தச் சுவரும் தள்ளிப் போகுது. மூணரை அடி அப்படியே இருக்கு."

எங்கள் கண்ணெதிரே கம்ப்யூட்டரில் கதவை அழித்துப் புதிதாக அச்செடுத்துக் கொடுத்தார். கதவு இல்லை. நானே பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து விரித்தோம்.

கதவு இருந்தது.

பழைய தாளில் கதவுக் கோடு சுவரோடு ஒட்டியிருந்தது. இதில் ஒரு நூல் அளவு விலகியிருந்தது. மறுபடி போய் அழித்து அச்செடுத்து வந்த மூன்றாவது தாளில் கதவு பாதி திறந்திருந்தது. தாளை மூக்கருகே கொண்டுபோனேன். மை வாசனை வரவில்லை. ஈரச் சிமெண்டின் வாசனை, அதற்கடியில் நெடுநாள் பூட்டிவைத்த துணியின் வாசனை.

தங்கை மூன்று தாள்களையும் சுருட்டி பீரோவின் மேல் வைத்தாள். நல்ல மத்தியானம், பட்டப்பகல் வெளிச்சம். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

பீரோவின் மேலிருந்து ஒரு கீல் சத்தம். மெதுவாக, நீளமாக.

எங்கள் வீட்டில் எந்தக் கதவும் அசையவில்லை.

"வேண்டாம்" என்றாள் தங்கை. "இந்த வீடு வேண்டாம்."

முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் அன்று சாயங்காலம் குட்டி எப்படியோ நாற்காலி போட்டு ஏறித் தாளை எடுத்திருந்தாள். தரையில் விரித்து, அந்த வெள்ளைக் கட்டத்தின் மேல் காதை வைத்துப் படுத்திருந்தாள்.

"என்னடா செல்லம் பண்றே?"

"ஷ்ஷ். மாமா, சத்தம் போடாதீங்க."

பிறகு எழுந்து அம்மாவிடம் போனாள். "எனக்கு அந்த ரூம்தான் வேணும்மா. நான் அங்க படுத்துக்கிறேன். பயப்பட மாட்டேன்."

எட்டு வருடமாகக் கேட்க ஏங்கிய வார்த்தை. தங்கை அவளை அள்ளி அணைத்துக்கொண்டாள். மாப்பிள்ளைக்கோ வீரம் வந்துவிட்டது.

"மூணரை அடி நம்ம சுவருக்குள்ள இருக்கு மச்சான். அதைச் சும்மா விட்டுட்டு வர நான் என்ன இளிச்சவாயனா?"

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளன்று மேலாளரிடம் மேசையைத் தட்டிப் பேசினார். அந்த இடத்தையும் எழுத்தில் கொடுக்க வேண்டுமாம். என்ன எழுத வேண்டும் என்று வீடியோவில் படித்த பாஷையில் அவரே சொல்லச் சொல்ல, மேலாளர் சிரித்துக்கொண்டே எழுதினார்: "மேற்படி இடமும், அதில் உள்ள அனைத்தும் வாங்குபவருக்கே உரியவை."

வரைபடக்காரர் என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"சார், இதுக்கு முன்னாடி மூணு குடும்பம் இந்த வீட்டைப் பார்த்தாங்க. வேண்டாம்னு எழுந்து போயிட்டாங்க. ஒருத்தரும் அந்த இடத்தைக் கொடுன்னு கேட்கல. கேட்டு வாங்காதீங்க சார்."

நான் திரும்புவதற்குள் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி, அதைச் சட்டைப்பையில் பெருமையாகச் செருகிவிட்டார்.

மேசையில் இருந்த வரைபடத்தைப் பார்த்தேன். கதவு முழுவதும் திறந்திருந்தது.

இரண்டு வருடத்தில் வீடு எழுந்தது. சாவி வாங்கிய அன்று மாப்பிள்ளை நேராகக் குட்டியின் அறைக்குப் போய்ச் சுவரைத் தட்டினார். கெட்டிச் சுவர். வெள்ளைப் பூச்சு, ஒரு கீறல் இல்லை.

"பார்த்தீங்களா மச்சான்? கதவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து என்னமா பயமுறுத்தினீங்க!"

தங்கை சுவரைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதுத் தரை ஓட்டில், சுவரோரத்திலிருந்து அறையின் நடு நோக்கி, ஒரு கால்வட்டக் கீறல். கனமான கதவொன்று தரையில் உரசி உரசித் திறந்ததுபோல.

ஓடுகளை இரண்டு முறை மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றாவது முறை தங்கை ஒரு கம்பளத்தை விரித்து மூடிவிட்டாள். தினமும் காலையில் கம்பளம் ஒரு பக்கமாகத் தள்ளி, மடிந்து கிடக்கிறது.

குட்டி அந்த அறையில்தான் படுக்கிறாள். விளக்கை அவளே அணைக்கிறாள். அழுவதில்லை, அம்மாவைக் கூப்பிடுவதில்லை. என் பெண் தனியாகப் படுக்கப் பழகிவிட்டாள் என்று மாப்பிள்ளை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவள் தனியாகப் படுக்கவில்லை.