இருபத்துமூன்றாவது பெயர்

காலைச் சிற்றுண்டிக்கு இரண்டு தட்டுகள்தான் வைத்திருந்தார்கள்.

வீரராகவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று நாளாக அதே மேஜை, ஆற்றைப் பார்த்த அதே ஜன்னல், வெள்ளைக் கையுறை போட்ட அதே பரிமாறுகிறவர். முதல் இரண்டு நாளும் மூன்று வயது மஹிமாவுக்கென்று ஓர் உயர நாற்காலியும், முயல் படம் போட்ட குட்டித் தட்டும் கேட்காமலே வந்தன. இன்று அந்த நாற்காலி சுவரோரம் போயிருந்தது. அதன்மேல் மடித்த கைத்துண்டுகளை அடுக்கியிருந்தார்கள்.

"ஏன்னா, கொழந்தைக்குத் தட்டு எங்கே? கேளுங்கோ" என்றாள் விஜயா.

கேட்டான். பரிமாறுகிறவர் மஹிமா இருந்த பக்கம் பார்த்தார். எட்ட இருக்கும் பெயர்ப்பலகையைப் படிக்கச் சிரமப்படுகிறவரைப்போலக் கண்ணைச் சுருக்கினார். "மன்னிக்கணும் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்த் தட்டைக் கொண்டுவந்தார். ஆனால் லூச்சிப் பூரி இரண்டு தட்டில்தான் விழுந்தது. விஜயா தன் தட்டிலிருந்து ஒன்றைப் பிய்த்துக் குழந்தைக்கு ஊட்டினாள்.

பன்னிரண்டு அறைகள் கொண்ட சின்னச் சொகுசுக் கப்பல் அது. தேக்குத் தளம், பித்தளைக் கைப்பிடிகள், மாலையானால் மேல்தளத்தில் சிதார். கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆனதற்கு விஜயா ஆசைப்பட்டுக் கேட்டது. கொல்கத்தாவில் ஏறி, ஹூக்ளியில் மேலே போய், மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்குத் திரும்ப அதே துறையில் இறங்கவேண்டும். அங்கிருந்து லேக் மார்க்கெட் வீட்டுக்கு அரைமணி. வழியில் எந்தத் துறையைத் தாண்ட வேண்டியிருக்கும் என்பது வீரராகவனுக்குத் தெரியும். போகும்போது இருட்டில் தாண்டிவிட்டார்கள். அவன் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டான். வரும்போதும் அப்படியே தாண்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தான்.

பத்து மணிக்குச் சந்தன்நகரில் கரையிறங்கினார்கள். ஏறி இறங்கும் பலகையருகே பிரிட்டோ நின்று தலைகளை எண்ணினான். பிரிட்டோ பயணிகளைக் கவனித்துக்கொள்ளும் மேலாளன், தூத்துக்குடிக்காரன். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் முதல் நாளே ஒட்டிக்கொண்டவன்.

"இருபத்துரெண்டு. சரியா இருக்கு சார்."

"குழந்தையைச் சேர்த்தா?"

"அஞ்சு வயசுக்குக் கீழன்னா லிஸ்ட்ல பேரு வராதுல்லா சார். மடிப் பிள்ளைய எப்பமும் எண்ண மாட்டோம்."

அந்த வாக்கியம் வீரராகவனுடையது. வங்காள மொழியில், மின்விசிறி கிறீச்சிட்ட ஓர் அலுவலக அறையில், ஒரு பெண்ணின் முகத்துக்கு நேராக அவன் சொன்ன வாக்கியம்.

இரண்டு வருஷம் முன்பு, தை மாதப் பனியில், ஷிமுல்காட்டா படித்துறையை விட்டுக் கிளம்பிய பயணிப் படகு ஒன்று நடு ஆற்றில் கவிழ்ந்தது. விசாரணை அதிகாரி வீரராகவன். விற்ற டிக்கெட் முப்பத்தொன்று. பிழைத்தவர் இருபத்திரண்டு, கிடைத்த உடல்கள் ஒன்பது. கூட்டினால் சரியாக வந்தது. பிழைத்தவர்களில் பாருல் என்ற பெண் மட்டும், மடியில் மகள் இருந்தாள், மூன்று வயது, பெயர் மொய்னா, இன்னும் கிடைக்கவில்லை என்றாள். ஐந்து வயதுக்குள் டிக்கெட் இல்லை, டிக்கெட் இல்லாவிட்டால் பட்டியலில் இல்லை. அவள் சொல்வது நிஜம் என்று அவனுக்குத் தெரியும். சேற்றில் ஒதுங்கிய குட்டிச் செருப்பு ஒன்றை அவனே பார்த்திருந்தான். ஆனால் ஒரு பெயர் கூடினால் கோப்பு மூடாது. கோப்பு மூடவேண்டுமென்று மேலே அவசரப்பட்டார்கள். 'காணாமல் போனவர் எவருமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். மூன்றாம் நாளே முக்குளிப்பவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பாருல் நாற்பது நாள் அலுவலகத்துக்கு வந்தாள். மாடிப்படி அருகே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அழமாட்டாள், திட்டமாட்டாள். அவன் கடந்துபோகும்போது மட்டும் எழுந்து, "பேரை எழுதுங்க பாபு. மொய்னா. எழுதினா தேடுவாங்க" என்பாள். நாற்பத்தோராம் நாள் அதே படித்துறையில் இறங்கி ஆற்றுக்குள் நடந்துபோனாள். அந்தக் கோப்பும் அவன் மேஜைக்குத்தான் வந்தது. அதில் பெயர் எழுதுவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை.

சந்தன்நகர்க் கரையோர நடைபாதையில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். மஹிமாவை இடது கையில் ஏந்தி, விஜயாவோடு சேர்ந்து நின்றான். எடுத்துக்கொடுத்த வங்காளி அம்மாள் கைப்பேசியை நீட்டினாள். படத்தில் விஜயா சிரித்தாள். அவன் சிரித்தான். அவனுடைய இடது கை எதையோ தாங்குவதுபோல மடங்கி நின்றது. அதில் ஒன்றும் இல்லை.

அவன் திரும்ப எடுக்கச் சொன்னான். மூன்று முறை எடுத்தாள். அப்புறம் அந்த அம்மாள், நேற்று முழுக்க மஹிமாவை மடியில் வைத்துச் சந்தேஷ் இனிப்பு ஊட்டிய அதே அம்மாள், அவன் தோளை மெல்லத் தொட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் குழந்தை இல்லையாப்பா? காளிகாட்ல வேண்டிக்கோங்க, நடக்கும்" என்றாள்.

மஹிமா அவன் காதுமடலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அந்தப் பாட்டி என்னைப் பாக்கவே மாட்டேங்கறா" என்றாள்.

கப்பலுக்குத் திரும்பியதும் அவன் அவளைக் கீழே விடவில்லை. கை கடுத்தது. மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டான். மணி பன்னிரண்டு. ஐந்துக்குக் கொல்கத்தா. ஐந்து மணி நேரம் இவளைக் கையை விட்டு இறக்காமல் இருந்தால் போதும், துறையில் இறங்கி டாக்ஸி பிடித்து வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திவிடலாம். அதை மட்டுமே திரும்பத் திரும்ப நினைத்தான். வேறு எதையும் நினைக்கப் பயமாக இருந்தது.

மூன்றரை மணிக்குப் பனி இறங்கியது. முதலில் எதிர்க்கரைச் செங்கல்சூளைகளின் புகைபோக்கிகள் போயின, பிறகு கரை போனது, பிறகு தண்ணீரே போய், கப்பலின் கைப்பிடிக்கு அப்பால் ஈரச் சாம்பல் நிறமும் அழுகின ஆகாயத்தாமரையின் வாடையும் மட்டும் மிஞ்சின. எஞ்சின் முனகி நின்றது. நங்கூரச் சங்கிலி கடகடவென்று நெடுநேரம் இறங்கிக்கொண்டே இருந்தது, ஆற்றுக்கு அடியே இல்லை என்பதுபோல.

"எங்கே நிறுத்தியிருக்கா?" என்று வழியில் வந்த பிரிட்டோவைக் கேட்டான்.

"ஷிமுல்காட்டா பக்கம் சார். பயப்படாதீங்க, பனி விலகினதும் எடுத்துருவாங்க."

அறைக்கு ஓடினான். விஜயா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். கட்டில்மேல் இரண்டு பல் தேய்க்கும் பிரஷ்கள், இரண்டு ஜோடிச் செருப்பு. மஹிமாவின் ரோஜா நிற கவுனை மடித்து, தேநீர்க் கோப்பையை எடுக்க வந்த பணிப்பெண்ணிடம் நீட்டினாள்.

"முன்னாடி வந்தவா யாரோ விட்டுட்டுப் போயிருக்கா. நீ எடுத்துக்கோம்மா."

"விஜி!"

"என்னன்னா?"

"இது... இவ... குழந்தையோடது."

விஜயா அவனைப் பார்த்தாள். அவன் தோளில் தலைசாய்த்திருந்தவளைப் பார்க்கவில்லை. "எந்தக் கொழந்தை?" என்றாள். கேலியில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "அம்மா" என்று மஹிமா கையை நீட்டியபோது, விஜயா அந்தக் கைக்குக் குறுக்காக நடந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். "ஒரே ஊதல்" என்றாள்.

அவன் சால்வையை எடுத்தான். மஹிமாவை இடுப்பில் வைத்துத் தன்னோடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டான். அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. சிரித்தாள். அந்தச் சிரிப்பின் சூடு அவன் கழுத்தில் பட்டது. இருக்கிறாள். என் குழந்தை இருக்கிறாள்.

மேல்தளத்துக்கு வந்தான். கைப்பிடிக்கு அப்பால் பனி ஓரிடத்தில் மட்டும் மெலிந்திருந்தது. படித்துறை. தண்ணீர் இறங்கியதில் வெளிப்பட்ட கறுப்புச் சேறு. அதில் ஒரு பெண் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். சேலை ஈரத்தில் உடம்போடு ஒட்டியிருந்தது. மடியைக் குழித்து வைத்திருந்தாள், குழந்தையைப் படுக்கவைக்கிற மாதிரி. மடி காலியாக இருந்தது.

அவள் வாய் அசைந்தது. அத்தனை தூரத்திலிருந்து வந்த சத்தம், பக்கத்து பெஞ்சிலிருந்து வந்ததுபோலக் கேட்டது.

"எழுதுங்க பாபு."

ஓடினான்.

பிரிட்டோவின் மேஜையில் பட்டியல் இருந்தது. அதைப் பறித்துக்கொண்டான். "என் பொண்ணு பேரை இதுல எழுதணும். இப்பவே. இவளும் இந்தக் கப்பல்ல இருக்கான்னு எழுதணும்."

பிரிட்டோ அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு இடுப்பில் சுற்றியிருந்த சால்வையைப் பார்த்தான். அவன் கண்ணில் வந்தது இரக்கம். "உக்காருங்க சார். தண்ணி தரட்டா?"

"பேனா குடு!"

"எழுதிக்கிடுங்க சார். ஒரு வரி காலியாத்தான் இருக்கு."

இருபத்திரண்டு பெயர்கள். அவற்றின் கீழே, இருபத்துமூன்று என்ற எண்ணும் வெறும் கோடும். பேனாவை வைத்தான்.

பெயர்.

பதினோராம் நாள் பெயர் சூட்டியது நினைவிருந்தது. தட்டில் பரப்பிய அரிசி. தங்க மோதிரத்தால் அவனே எழுதினான். புகை கண்ணைக் கரித்தது. விரல் நகர்ந்ததும் தெரிந்தது. அரிசியில் எழுத்து இல்லை.

"உன் பேரைச் சொல்லும்மா."

குழந்தை சொன்னாள். உதடு அசைந்தது. அவனுக்குத் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது.

"இன்னொரு தரம். சொல்லுடா கண்ணா. அப்பாவுக்குச் சொல்லு."

தண்ணீர்.

நெற்றியில் அடித்துக்கொண்டான். எந்த எழுத்தில் தொடங்கும்? எத்தனை எழுத்து? ஒரு பெயர், ஏதாவது ஒரு பெயர், மூன்று வயதுப் பெண் குழந்தையின் பெயர். ஒன்றே ஒன்றுதான் வந்தது. நாற்பது நாள் கேட்டது. வேண்டாம் என்றான். கை கேட்கவில்லை.

மொய்னா, வயது மூன்று.

சால்வைக்குள் கனம் குறைந்தது.

பிறகு கூடியது. ஈரமாக. சில்லென்று.

கப்பலின் சங்கு ஊதியது. பனி விலகத் தொடங்கியது. சங்கிலி மேலேறியது.

"எங்கே போய் இப்படி நனைஞ்சுண்டு வந்திருக்கா பாருங்கோ" என்று விஜயா துண்டோடு வந்து, அவன் இடுப்பிலிருந்து குழந்தையை இறக்கி மடியில் போட்டுக்கொண்டாள். தலையைத் துவட்டினாள். துவட்டத் துவட்டத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. காதிலிருந்து சேற்றை வழித்துப் போட்டாள். மத்தியானம் மிச்சம் வைத்திருந்த கடைசிப் பிடி தயிர்சாதத்தை ஊட்டினாள். குழந்தை கண் கொட்டாமல், ஒரு வார்த்தை பேசாமல், அவனைப் பார்த்துக்கொண்டே விழுங்கியது. "சமத்து" என்றாள் விஜயா. பிரிட்டோ குனிந்து குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் பட்டியலைப் பார்த்தான். "இருபத்துமூணு. சரியா இருக்கு சார்."

வீரராகவன் தனியே மேல்தளத்துக்கு வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, எதற்கென்று தெரியவில்லை.

சேற்றில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்தாள். அவள் இடுப்பில் இப்போது ஒரு குழந்தை இருந்தது. அதைச் சரியாக ஏற்றி வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், படித்துறையின் கடைசிப் படியில் இறங்கினாள். முழங்கால்வரை தண்ணீர். இடுப்புவரை. குழந்தை அவள் தோளுக்கு மேலாகக் கப்பலைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டியது.

"அப்பா! அப்பா!"

இந்தக் கரையில் குழந்தைகள் அப்பாவைப் பாபா என்றல்லவா கூப்பிடும், யாரோ தமிழ்க் குழந்தைபோல இருக்கிறது என்று அவன் நினைத்தான். கப்பலில் யாரைக் கூப்பிடுகிறது என்று திரும்பிப் பார்த்தான். தளத்தில் வேறு யாரும் இல்லை. தண்ணீர் அந்தப் பெண்ணின் தோளுக்கு ஏறியது. குழந்தை இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. யாரும் பதில் சொல்லாமல் இருப்பது பாவமாகப் பட்டதால், அவன் அதற்குக் கையசைத்தான்.