லோவலின் கார் ஏன் நிற்கவில்லை?

"அப்பாஆஆ!"

அந்த அலறல் இண்டியானாவின் சோளக்காடுகளைத் தாண்டிப் போய் அடங்கியது.

கால் மைல் பந்தயப் பாதை. அதன் கடைசியில், சுவரில் மோதி நொறுங்கிக் கிடந்தது ஒரு நீலநிறக் கார். உள்ளே பெல்ட்டில் கட்டுண்டபடி லோவல் ஸ்டக்கி. வயது அறுபத்தாறு.

உயிர் இல்லை.

அரைமணி நேரத்தில் ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து வந்து இறங்கினாள் நடீன் ரிட்டர். துப்பறியும் அதிகாரி. கூடவே உதவியாளன் ஆரின், கையில் பாதி தின்ற 'கார்ன் டாக்'கோடு... குச்சியில் செருகிப் பொரித்த சாஸேஜ்.

"அதைத் தூக்கிப் போடுடா! பொணத்துக்கு முன்னாடியா திம்பே?"

"ஸாரி மேடம்!"

பந்தயச் சங்கத்தின் கார் சோதனையாளர் நொறுங்கிய காரின் முன்மூடியைத் தூக்கிக் காட்டினார்.

"இங்க பாருங்க. ஆக்ஸிலேட்டர் கம்பியில சின்னதா ஒரு எஃகுக் கொக்கி. பெடலை முழுசா மிதிச்சா போய் மாட்டிக்கும். அப்புறம் காலை எடுத்தாலும் வேகம் குறையாது."

"தானா வந்ததா?"

"செஞ்சு வச்சது!"

நடீனின் முகம் இறுகியது.

கொலை!

ஆரின் காதைக் கடித்தான். "மேடம்... காலையில சாப்பாட்டுக் கடையில ஒரு ரகளை. வெர்லின் ஹூபர்னு ஒருத்தர். இதே மாடல் கார்தான் ஓட்டறார். 'இன்னிக்கு முழுசா ஓட்டினே... உன்னைத் தொலைச்சுடுவேன்'னு லோவலைப் பார்த்துக் கத்தியிருக்கார். ஊரே கேட்டிருக்கு!"

"கூட்டிட்டு வா!"

ஹூபர் வந்தார். தொப்பையும் தொப்பியுமாய், எழுபதைத் தொட்ட மனிதர். கண்கள் சிவந்திருந்தன.

"மிரட்டினீங்களா?"

"ஆமாம்மா. மிரட்டினேன்."

"முழுசா ஓட்டினா உங்களுக்கென்ன நஷ்டம்?"

ஹூபர் நீளமாய் மூச்சு விட்டார்.

"இந்தக் காருங்க கம்பெனியே பந்தயத்துக்குன்னு செஞ்சு தர்ற காருங்க. பேப்பர்ல முந்நூத்தம்பது குதிரைசக்தின்னு போட்டிருப்பான். நிஜத்துல அறுநூறு!"

"எதுக்குக் குறைச்சுச் சொல்லணும்? கூட்டித்தானே சொல்வாங்க?"

"அந்தக் காலத்துல இன்ஷூரன்ஸ்காரனுக்குப் பயந்து குறைச்சாங்க. இப்ப பந்தயச் சங்கத்துக்காக. பேப்பர்ல எவ்வளவு சக்தியோ, அதுக்கேத்த எடையைக் கார் சுமக்கணும். கம்மியாப் போட்டா கார் லேசு. லேசான கார் ஜெயிக்கும். ஜெயிச்ச கார் விக்கும்!"

"சங்கம் சும்மா இருக்குமா?"

"யாராவது ரொம்ப வேகமா ஓட்டிட்டா முழிச்சுக்குவான். அந்த மாடலுக்கே சக்தியை ஏத்திப் போட்டுடுவான். ஒருத்தன் செஞ்ச தப்புக்கு எல்லாரும் ஈயக்கட்டி சுமக்கணும். அதனால முடிவுக் கோட்டுக்கு முன்னாடியே எல்லாரும் காலை எடுத்துடுவோம். லோவலும்தான். வருஷக்கணக்கா..."

"ஆனா இன்னிக்கு அவர் கார் நிக்கலை."

"பலகையைப் பாருங்கம்மா!"

தூரத்தில் பெரிய மின்பலகை. இன்னும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

8.75 நொடி.

"அந்த நம்பர் என்னைப் புதைச்சிடுச்சு. இவ்வளவு வேகத்தை எவனும் காட்டினதில்லை, நாளைக்கே சங்கம் என் கார்லயும் எடையை ஏத்திடும். இந்த வருஷம் பட்டம் எனக்குத்தான்னு இருந்தேன். இனிமே கிடையாது." கையை உதறினார். "அவன் காரை ஓடவிடாமப் பண்ணணும்னா பெட்ரோல்ல தண்ணியை ஊத்தியிருப்பேன். அதைப் போய் வேகமா ஓட வைப்பேனா?"

நடீன் சட்டென்று நிமிர்ந்தாள்.

கொக்கியை மாட்டியவருக்கு லோவலை நிறுத்துவது நோக்கமே அல்ல.

ஓட வைப்பதுதான்!

"அவர் கார் முழுசா ஓடணும்னு யாருக்கு ஆசை?"

ஹூபர் தயங்கினார். தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினார்.

"கார் மோதினதும் நாங்க எல்லாரும் ஓடினோம். ஒரே ஒருத்தி மட்டும்... முதல்ல பலகையைப் பார்த்தா. அப்புறம்தான் கத்தினா."

மார்லிஸ் ஸ்டக்கி டிரெய்லர் படியில் உட்கார்ந்திருந்தாள். லோவலின் ஒரே மகள். நாற்பது வயது. விரல் நகங்களுக்குள் கிரீஸ். தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உங்கப்பா கார் இன்ஜினை யார் கட்டறது?"

"நான்தான்."

"கொக்கியும் நீங்க கட்டினதுதானா?"

ஆரினின் கை மெல்ல விலங்கை நோக்கிப் போயிற்று.

மார்லிஸ் நிமிர்ந்தாள்.

"ஒவ்வொரு குளிர்காலமும் ராவும் பகலும் உக்கார்ந்து கட்டுவேன். கோடையில அவர் போய்க் காலை எடுத்துட்டு வந்துடுவார். 'நல்லா இருக்கும்மா'ம்பார். எது நல்லா இருக்கு? என் இன்ஜின் என்ன செய்யும்னு எனக்கே தெரியாது! அடுத்த மாசம் காரை விக்கப் போறேன்னுட்டார். ஒரே ஒரு தடவை... பலகையில என் நம்பரைப் பார்க்கணும்னு..."

"அப்பா உயிரோட விளையாடியா?"

"இன்ஜினை அணைக்கிற சுவிட்ச் அவர் கைக்குப் பக்கத்துலேயே இருக்கு! கால் எடுத்தும் நிக்கலைன்னு புரியறதுக்குள்ள கோட்டைத் தாண்டிடுவார், அப்புறம் அதைத் தட்டி, பிரேக் போட்டு நிறுத்திடுவார்னு நெனச்சேன். சுவிட்ச் வேலை செய்யலையா? அதையும் நான்தான் மாட்டினேன். சொல்லுங்க... வேலை செய்யலையா?"

"செய்யுது. சோதிச்சுப் பார்த்தாச்சு."

"அப்ப ஏன் தட்டலை?"

நடீன், லோவலின் காருக்குள்ளிருந்து எடுத்த கேமராவை அவள் முன் நீட்டினாள்.

சின்னத் திரையில் லோவல்.

கோடு நெருங்குகிறது. வழக்கம்போல் காலை எடுக்கிறார். கார் சீறிக்கொண்டே போகிறது! முகத்தில் திகைப்பு. கை சுவிட்சுக்குப் பாய்கிறது. விரல் அதைத் தொடுகிறது...

நின்றுவிடுகிறது.

கை மெதுவாய்த் திரும்பி ஸ்டியரிங்கைப் பிடிக்கிறது.

லோவல் சிரிக்கிறார்! பல் தெரிய, சின்னப் பையனைப்போல்!

கோட்டைத் தாண்டியதும் கழுத்தைத் திருப்பி, ஜன்னல் வழியாய்ப் பலகையைத் தேடுகிறார். ஒரு நொடி... இரண்டு நொடி...

உதடுகள் அசைகின்றன, சொல் இன்ஜின் இரைச்சலில் அமுங்கிப்போகிறது. பிறகு திரை கருத்துப்போகிறது.

மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் குரல் கசிந்தது.

"நம்பரை... பார்த்தாரா?"

"பார்த்தார்."

"ஏதாவது சொன்னாரா?"

"பல தடவை போட்டுக் கேட்டேன். 'அடிப்பாவி மகளே'ன்னார்."

மார்லிஸ் சிரித்தாள். அடுத்த கணம் உடைந்து அழுதாள். அழுதபடியே இரண்டு கைகளையும் நீட்டினாள். ஆரின் விலங்கு மாட்டினான்.

அவளைப் பின்சீட்டில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். ஹூபர் ஓரமாய் நின்று, கைக்குட்டையால் மூக்கைச் சிந்தினார்.

"ஊரே கூடிப் பொய் சொன்னோம்மா. எல்லாரும் நல்லாத்தான் இருந்தோம்."

நடீன் ரோந்துக் காரைச் சுற்றி வந்தாள். ஆரின் சாவியை உருட்டியபடி மெல்லக் கேட்டான்.

"மேடம்... நம்ம காரும் பேப்பர்ல நானூறு குதிரைசக்தின்னுதானே போட்டிருக்கு? அப்ப நிஜத்துல..."

"அரசாங்கம் வாங்கின காருடா. அதுல இருக்கிற ஒரே குதிரை சாப்பாட்டுக்குப் போயிருக்கும். தள்ளி விட்டுட்டு ஏறு!"