நாச்சியம்மை பெயருக்கு வந்த மூன்று கடிதங்கள்

"இந்த ஜொகூர்லயே, செத்துப்போன பொண்டாட்டிய தினமும் காடியில உட்கார வச்சு ஊர் சுத்துற ஒரே ஆம்பளை நான்தான் லா!" என்றார் கண்ணையா. "ஆயர் ஈத்தாம் பானைக் கடை வந்துட்டா காடி தானா மெதுவாப் போகும். நான் பிரேக்கைத் தொடவே மாட்டேன். பக்கத்து சீட்டுல இருந்தே ஆச்சி மிதிப்பா."

ஸ்கூடாயில் அவர் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடை அது. அதே மேசையில் உட்கார்ந்துதான் முன்பொரு நாள் ஒரு முதலையைக் குடையால் அடித்து விரட்டினார்; இன்னொரு நாள் ஆற்று வெள்ளத்தை இரண்டு மணி நேரம் பேசியே நிறுத்தி வைத்தார். அதனால் யாரும் அவரை நம்பவில்லை. மனைவி நாச்சியம்மை இறந்து ஏழே மாதம் என்பதால் யாரும் மறுக்கவும் இல்லை. மருமகன் நிரஞ்சன் மட்டும் கோப்பையைக் கீழே வைத்தான்.

"சென்சர் கோளாறு மாமா. சீட்டுக்குள்ள ஈரம் போயிருக்கும். ஆள் உட்கார்ந்திருக்குன்னு நினைச்சுக்கிட்டு, பெல்ட் போடச் சொல்லி மணி அடிக்குது. அவ்வளவுதான்."

"ஈரம் பாட்டு முணுமுணுக்குமா மாப்பிள்ளை?"

"பாட்டு நீங்க சேர்த்தது."

"பாட்டு நான் சேர்த்ததுதான்," என்று கண்ணையா கண்ணைச் சிமிட்டினார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "மணி நான் சேர்க்கல."

நிரஞ்சனுக்கு செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை; காலை முதல் மாலை வரை பிழை கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. தன் கார் பட்டறையில் கிடந்ததால் அந்த வாரக் கடைசிக்கு மாமனாரின் காரையே நம்பி வந்திருந்தான். மனைவி வைஷ்ணவிக்கு ஐந்தாம் மாதம். பின்னால் உட்கார்ந்தால் குமட்டுகிறது என்று அன்று காலை முன் இடப்பக்கக் கதவை இழுத்தாள். திறக்கவில்லை. "ஆத்தா இடம் விட மாட்டேங்குறா அப்பச்சி!" என்று மகளும், "அவ என்னிக்கு விட்டா!" என்று அப்பனும் சிரித்தார்கள். நிரஞ்சனும் இழுத்துப் பார்த்தான். பூட்டு திறந்துதான் இருந்தது. கதவு நூல் அளவு வெளியே வந்து, மறுபடி உள்ளே போனது. உள்ளேயிருந்து யாரோ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல.

அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

மதியம் மூன்று மணிக்கு மழை பிடித்தது. கோளாறைத் தானே கண்டுபிடித்துவிடுவது என்று நிரஞ்சன் போர்ச்சில் நின்ற காருக்குள் தனியாகப் போய் உட்கார்ந்தான். தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம், கண்ணாடியில் படர்ந்த வெண்மூட்டம், பழைய இருக்கைத் துணியின் புழுக்க வாடை, இவற்றுக்கெல்லாம் அடியில் மெல்லிய ஸ்பிரிட் நெடி ஒன்று. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வந்த மாமியார், கையில் கட்டுடன் இந்தக் காரில் ஏறியவுடன் இப்படித்தான் மணக்கும். அவன் சாவியைத் திருப்பினான்.

டிங். டிங். டிங்.

பக்கத்து இருக்கையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல் என்று நினைத்தான். பிறகு திண்டின் நடுவில் இருந்த பள்ளத்தைப் பார்த்தான். அது மெல்ல மெல்ல ஆழமாகிக்கொண்டிருந்தது. எழுந்து போன பள்ளம் இல்லை.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பஞ்சு பழசு. அதுதான். இந்த மாடலில் இப்படி ஒரு கோளாறு கம்பெனிக்கே தெரிந்திருக்கும். கண்ணாடியின் ஓரத்தில் பொறித்திருந்த சேசிஸ் எண்ணைக் கைப்பேசியில் அந்தக் கம்பெனியின் பக்கத்தில் ஓர் எழுத்து விடாமல் அடித்தான். இரண்டு முறை தப்பாகப் போனது. மூன்றாம் முறை சிவப்பில் ஒரு கட்டம் வந்தது.

இருக்கை மணியைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. முன் இடப்பக்க ஏர்பேக் பற்றித்தான் இருந்தது. அதை ஊதச் செய்யும் உலோகக் குப்பி, பல வருட வெயிலிலும் ஈரத்திலும் கெட்டுப்போயிருக்கலாம். மோதினால் பையை விரிப்பதற்குப் பதில் தானே வெடித்து, உள்ளே இருப்பவர்மேல் இரும்புத் துண்டுகளை வீசலாம். இலவசமாக மாற்றித் தரப்படும். மாற்றும்வரை அந்த இருக்கையில் யாரும் உட்கார வேண்டாம். உரிமையாளருக்கு மூன்று முறை கடிதம் அனுப்பப்பட்டுள்ளது.

காலையில் வைஷ்ணவி இழுத்த கதவை நினைத்தான். அவள் வயிற்றை நினைத்தான். மழையில் நனைந்தபடி உள்ளே ஓடினான்.

"மாமா, இந்தக் காடிக்கு லெட்டர் ஏதாச்சும் வந்துச்சா?"

கண்ணையா சாமி அறையைக் காட்டினார். நாச்சியம்மையின் படத்துக்கு முன்னால், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில், மூன்று உறைகள். மூன்றும் ஒட்டியது ஒட்டியபடி.

"அலமாக், ஏன் மாமா பிரிக்கல?"

"என் பேருக்கா வந்துச்சு? அவ வாத்தியார் வேலையில ஓய்வு வாங்கின காசுல வாங்கின காடி. அவ பேர்லதான் இருக்கு. நாப்பது வருஷத்துல அவளுக்கு வந்த கடுதாசிய நான் பிரிச்சதே இல்ல."

"பேரையாவது மாத்தியிருக்கலாமே மாமா."

"மாத்தலாம். அதுக்கு அவ இல்லன்னு எழுதி நான் கையெழுத்துப் போடணும்." விபூதித் தட்டை நேராக்கி வைத்தார்.

நிரஞ்சன் முதல் உறையைக் கிழித்தான். அவர்களுடைய மொத்த வீட்டையும் காப்பாற்றியிருக்க வேண்டிய ஒரு பக்கம், மலாயிலும் ஆங்கிலத்திலும். "இது எப்ப வந்துச்சு?"

"பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச வாரம். காலையில வந்துச்சு, அவகிட்ட வச்சேன்." கண்ணையா யோசித்தார். முதலையும் வெள்ளமும் இல்லாத முகம் அது. "அன்னிக்கு சாயங்காலம்தான் முதமுதலா மணி அடிச்சுச்சு."

சத்தம் கேட்டு வந்து நின்ற வைஷ்ணவியும் சேர்ந்து மூவரும் படத்தைப் பார்த்தார்கள்.

"அப்போ," என்றார் கண்ணையா மெதுவாக, "அவ படிச்சிட்டா."

செனாய் சர்வீஸ் சென்டரில் லோஷினி என்ற பெண் போனை எடுத்தாள். சாமான் இருக்கிறது, ஐந்தரைக்குள் வந்தால் இன்றைக்கே மாற்றிவிடலாம் என்றாள். "முன்னால இடப்பக்கம் மட்டும் யாரையும் உட்கார வைக்காதீங்க சார். பின்னால பரவாயில்ல. மெதுவா வாங்க."

சென்டரிலிருந்து நிரஞ்சனின் வீடு ஐந்து நிமிடத் தூரம். அதனால் எல்லோருமே கிளம்பினார்கள். நிரஞ்சன் ஓட்டினான். கண்ணையா ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால். வைஷ்ணவி காலி இருக்கைக்குப் பின்னால். "இந்தப் பக்கம் மாறி உட்காரேன்," என்று நிரஞ்சன் சொன்னான்.

"வேணாம். ஆத்தா பின்னாடி உட்கார்ந்தா குமட்டல," என்றாள்.

கண்ணையா எட்டி, காலி இருக்கைக்கு பெல்ட்டை மாட்டிவிட்டார். மணி நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

நெடுஞ்சாலையில் மழை வெள்ளைச் சுவராக நின்றது. துடைப்பான் ஒரு தரம் போய்வருவதற்குள் முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்குகள் கரைந்து, மறுபடி கூடி, மறுபடி கரைந்தன. நிரஞ்சன் அறுபதைத் தாண்டவில்லை. ஸ்பிரிட் நெடி ஏறிக்கொண்டே வந்தது. ஜன்னலைத் திறக்க முடியாது. பக்கத்தில் பெல்ட் மெல்லக் கிறீச்சிட்டது. மூச்சு இழுப்பதுபோல் இறுகியது. தளர்ந்தது. இறுகியது. அவன் திரும்பவில்லை. திரும்பக் கூடாது. சாலையை மட்டும் பார்.

செனாய்க்கு நான்கு கிலோமீட்டர்.

பெல்ட் பூட்டு கழன்றது. க்ளிக்.

"மாமா, நீங்களா கழட்டினீங்க?"

"நான் தொடலப்பா."

லாரி நின்றுவிட்டது. சிவப்பு. முழுச் சிவப்பு. பிரேக். சக்கரம் தண்ணீரில் வழுக்கியது. வழுக்கிக்கொண்டே போனது. ஓரக்கண்ணில் பார்த்தான். கொண்டை. தோளில் சேலை மடிப்பு. கையில் வெள்ளைக் கட்டு. அவள் சாலையைப் பார்க்கவில்லை. பின்பக்கம் திரும்பி, இருக்கையின்மேல் முழங்கால் போட்டு, மகளைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தாள்.

வெடிச் சத்தம்.

வெள்ளை.

பிறகு மழை மட்டும்.

"வைஷு!"

"இருக்கேன்." அழுகிற குரல். "ஒண்ணும் ஆகல. கீறல்கூட இல்லைங்க. குழந்தை அசையுது."

நிரஞ்சன் இடப்பக்கம் திரும்பினான். ஏர்பேக் நார் நாராகக் கிழிந்து தொங்கியது. கூரையில் துளைகள். கதவில் துளைகள். இருக்கையின் ஓரங்கள் பஞ்சு பிதுங்கக் குதறப்பட்டிருந்தன. நடுவில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. தலை. தோள். விரிந்த இரண்டு கைகள். ஒரு பெண் முழங்காலிட்டு மறைத்த அளவுக்குத் துணி முழுசாக இருந்தது. திண்டின் மேல் இரும்புத் துண்டுகள் குவிந்து கிடந்தன, எதன்மீதோ மோதி உதிர்ந்ததுபோல். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த உருவத்துக்குள் துணி கறுக்கத் தொடங்கியது. ஒரு புள்ளி. ஐந்து. பத்து. ஈரம் ஒன்றோடொன்று சேர்ந்து, கீழே வழிந்து, காலடி விரிப்பில் சொட்டியது.

கண்ணையா பின்னாலிருந்து கையை நீட்டி அந்தத் தோளின் மேல் வைத்தார். "குளிர்ந்துபோச்சு," என்றார். ஆஸ்பத்திரியில் ஏழு மாதத்துக்கு முன்னால் அதே வார்த்தையைச் சொன்னபோது அவர் அழவில்லை. இப்போது குழந்தைபோல் அழுதார். "ரெண்டாந்தரமும் என்னை விட்டுட்டுப் போறாளே மாப்பிள்ளை."

போக்குவரத்துப் போலீஸ்காரர் ஜெயபாலன் மழைச் சட்டையோடு வந்து சேர்ந்தபோதும் சொட்டுவது நிற்கவில்லை. டார்ச்சை முன் இருக்கையில் அடித்தவர் ஓரடி பின்வாங்கினார்.

"இங்க உட்கார்ந்திருந்தவங்க எங்க? ஆம்புலன்ஸ் கொண்டு போயிட்டாங்களா?"

நிரஞ்சன் மாமனாரைப் பார்த்தான். ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அந்த வாய் இப்போது திறக்கவில்லை.

"எத்தனை பேரு சார் வண்டியில?"

"நாலு பேரு," என்றான் நிரஞ்சன்.

"மூணு பேர்தானே நிக்கிறீங்க? முன்னால யாரு?"

"என் மாமியார். பேரு நாச்சியம்மை. அவங்க இறந்து ஏழு மாசம் ஆச்சு."

பேனா நின்றது.

"எழுதிக்குங்க சார்," என்றான் நிரஞ்சன். "அவங்க இருந்தாங்க. நான் பார்த்தேன்."