வலப்பக்கச் சிறுநீரகம்

திரையில் தன் வயிற்றைப் பார்த்ததும் சூசைமாணிக்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடப்பக்கச் சிறுநீரகத்தில் கட்டி, அதற்காகத்தான் வந்திருந்தான். ஆனால் வலப்பக்கமும் ஒரு சிறுநீரகம், இப்போதுதான் கடையில் வாங்கி வைத்ததுபோல் பளபளத்தது.

"டாக்டர், அது எங்கிட்ட கிடையாது. எங்கக்காவுக்குக் கொடுத்து வருசமாச்சு."

மருத்துவர் நிலவழகன் சிரித்தார். "படம் எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க. இடதை முழுசா எடுத்துடலாம். அதான் இன்னொன்னு நல்லா இருக்கே."

பழைய கருவிகள் நூற்றுக்கணக்கான கோணங்களில் கதிர் பாய்ச்சும். இந்தச் சில்கதிர்க் கருவியோ பத்துப் பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்ளும். விட்டுப்போன இடங்களை, கோடி உடம்புகளைப் பார்த்துப் பழகிய 'நிரப்பி' ஊகித்து வரைந்துவிடும். கதிர்வீச்சு குறைவு, படமும் துல்லியம் என்று நாடே கொண்டாடியது. மனிதனுக்குச் சிறுநீரகம் இரண்டு என்று நிரப்பிக்குத் தெரியும். இவனுக்கு ஒன்றுதான் என்று தெரியாது. படத்தோடு ஒத்துப்போகாத பழைய மருத்துவக் குறிப்புகளையும் அதுவே திருத்தி வைத்திருந்தது.

அவன் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினான். "பழைய கருவியில முழுக்கதிர்ப் படம் எடுங்க!"

"இதுல குறை தெரிஞ்சாத்தான் அதுக்கு அனுமதி."

"குறையைத்தான் அது அழிச்சிருதே! ஆளை விட்டுட்டுப் படத்துக்கு வைத்தியம் பாக்குறீங்களா?"

வெளியே காத்திருந்த அக்கா ரோசலினைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான். அவள் அடிவயிற்றைத் தட்டிக் காட்டினாள். "தம்பி கொடுத்தது இங்கதான் இருக்கு. தொட்டுப் பாருங்கய்யா."

மருத்துவர் தொட்டார். கையில் தட்டுப்பட்டது. உடனே அவளையும் கருவியில் படுக்க வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"படத்துல இல்லையே. வாயுவா இருக்கும்."

அவளுக்கும் முதுகோரம் இரண்டு சிறுநீரகங்கள், இருக்க வேண்டிய இடத்தில், அழகாக. அடிவயிற்றில் ஒன்றுமில்லை.

"பாத்தீங்களா? நீங்க கொடுக்கவும் இல்ல, இவங்க வாங்கவும் இல்ல." மருத்துவரின் முகம் நிஜமாகவே மலர்ந்தது. "அம்மா, ஒட்டின உறுப்பை உடம்பு தள்ளிடாம இருக்க மாத்திரை சாப்பிடுறீங்கள்ல? இனிமே வேண்டாம். நிரப்பியே நிறுத்திடுச்சு."

சூசைமாணிக்கம் மருந்துச் சாளரத்துக்கு ஓடினான். அக்காவின் பெயரைச் சொல்லி மாத்திரை கேட்டதும், பூரண நலத்துக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு அது மூடிக்கொண்டது.